இஞ்சிக்குக் கொம்பு முளைத்த கதை

நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் தெரிய வேண்டுமென்றால், முதலில் நூலகருக்கு நம்மேல் நல்ல அபிப்பிராயம் இருக்க வேண்டும். இன்று கைபேசியில் சார்ஜ் இருந்தால் போதும். நடுவில் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அறிவு இப்படி மலிந்து கிடக்கிறதே என்று வியக்காத நாளில்லை. மலிந்திருக்கிறதே தவிர, வாங்குவார்தான் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். தெற்கே ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அதன் நூலகத்தில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் சுருக்கப் பதிப்பு இருந்தது. சுருக்கம் என்றதும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 1884-இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928-இல் முடிந்த மாபெரும் அகராதி அது. அதன் நான்கு பக்கங்களை ஒரே பக்கத்தில் அடங்கும்படி குறுக்கி, 1971-இல் இரண்டே தடித்த தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. எழுத்து மட்டும் எறும்பை விடச் சிறிதானது. படிப்பதற்கென்று ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் பெட்டியின் மேலிருந்த சின்ன இழுப்பறையில் வைத்துக் கொடுத்தார்கள்.

எங்கள் கல்லூரியில் அகராதி பீரோவுக்குள்ளும் கண்ணாடி நூலகரின் மேசை டிராயருக்குள்ளும் இருந்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒருவன் கையில் கொடுத்தால் ஏதோ விபரீதம் நடந்துவிடும் என்று அவர் நம்பினார். "கண்ணாடி எதுக்குடா? வெயில்ல வெச்சுப் பேப்பரைக் கொளுத்தவா?" என்று கேட்பார். அடையாள அட்டையை அடகு வைத்து, ஒரு கையெழுத்தும் போட்டு, ஜன்னலோரமாகக் குனிந்து ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். அப்படிப் படித்தது மறக்காது. வலித்ததெல்லாம் மறக்காது.

அந்தக் கல்லூரியில் இரண்டு பெரியவர்கள் எதிரும் புதிருமாக வாழ்ந்தார்கள். ஒருவர் தமிழய்யா. உலகத்துச் சொற்களெல்லாம் நம் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு போனவை என்பது அவர் கட்சி. 'கில்' என்பது 'கொல்', 'எய்ட்' என்பது 'எட்டு', 'ஒன்' என்பது 'ஒன்று' என்று ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருந்தார். ஆராய்ச்சி முறை மிக எளிது. இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து உரக்கச் சொல்வார். நம் முகத்தைப் பார்ப்பார். நாம் தலையாட்டினால் நிறுவப்பட்டது என்று பொருள்.

மற்றவர் ஆங்கிலப் பேராசிரியர். ஆங்கிலச் சொல் எதைக் கேட்டாலும் லத்தீன் என்பார். மேலும் நச்சரித்தால் கிரேக்கம் என்பார். அதற்கு அப்பால் உலகம் கிடையாது.

ஒரு மழைநாளில், ஆசிரியர் அறைக்கு இஞ்சி டீ வந்த வேளையில், இவ்விரு உலகங்களும் மோதின. "ஜிஞ்சர் என்பதே லத்தீன் சொல்தான்" என்றார் ஆங்கிலப் பேராசிரியர், டம்ளரை உயர்த்தி.

"அப்படியா? லத்தீன்காரர் தோட்டத்தில் இஞ்சி விளையுமா?" என்று கேட்டார் தமிழய்யா.

இதற்குப் பதில் இல்லை. வராந்தாவில் நின்றிருந்த என்னைக் கூப்பிட்டு, "போய்ப் பார்த்துவிட்டு வா, தம்பி" என்றார்கள். அட்டையை அடகு வைத்தேன். அகராதி ஒவ்வொரு படியாகப் பின்னால் போனது: இடைக்கால ஆங்கிலம், பழைய பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம், பிராகிருதம், கடைசியில் சமஸ்கிருதத்து 'சிருங்கவேர'. அதற்கு விளக்கம்: சிருங்கம் என்றால் கொம்பு, வேரம் என்றால் உடம்பு, மான்கொம்பு போலக் கிளைத்த உடம்புடையது இஞ்சி.

திரும்பி வந்து ஒப்பித்தேன். லத்தீனோடு நில்லாமல் மேலே போய்விட்டதே என்று ஆங்கிலப் பேராசிரியருக்கு வருத்தம். சமஸ்கிருதத்தோடு நின்றுவிட்டதே என்று தமிழய்யாவுக்கு வருத்தம். இருவரும் ஒன்றுகூடி அகராதியைத் திட்டிய ஒரே நாள் அதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விடை அதே நூலகத்தில் இன்னொரு பீரோவில் தூசியோடு கிடந்தது. 'ஹாப்சன் ஜாப்சன்' என்று ஒரு புத்தகம். ஆங்கிலேயர் நாவில் புகுந்த இந்தியச் சொற்களுக்கெல்லாம் 1886-இல் வெளியான சொற்களஞ்சியம். எழுதிய இருவரில் ஒருவரான பர்னல் சென்னை மாகாணத்து சிவில் அதிகாரி. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவரும் அவரே. புத்தகம் அச்சாகி வருமுன்பே, 1882-இல் இறந்துபோனார். அந்தக் கொம்புக் கதை கற்பனை, சொல் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும், மலையாளக் கரையின் இஞ்சியைப் பாருங்கள் என்று அந்தப் புத்தகம் அப்போதே சொல்லியிருந்தது. எங்கள் காலத்தில் அதை எடுத்துப் பார்த்தவர் இல்லை. அதற்குக் கண்ணாடியும் தேவையில்லை, அடகும் தேவையில்லை. ஆகவே மதிப்பும் இல்லை.

இன்று அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் வழித்தடம் இது. தென்னாட்டில் இஞ்சி, வேர் என்று இரண்டு சொற்கள். இரண்டும் சேர்ந்து வடக்கே போய்ப் பாலி மொழியில் 'சிங்கிவேர' ஆயின. முன்னால் ஒரு சகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். வரவில்லை, நம்மிடம்தான் தொலைந்தது என்கிறது மொழியியல். தமிழும் அதன் நெருங்கிய உறவு மொழிகளும் பல சொற்களின் முதலில் நின்ற சகரத்தை மிகப் பழங்காலத்திலேயே உதிர்த்துவிட்டன. நாம் 'ஆறு' என்று எண்ணுவதைக் கோண்டி மொழியினர் இன்றும் 'சாரூங்' என்று எண்ணுகிறார்கள். இஞ்சிக்கு முன்னாலும் அப்படி ஒரு சகரம் இருந்திருக்கும் என்பது கணிப்பு. நாம் தொலைத்த எழுத்தை அயலார் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பண்டிதர்கள் காதில் 'சிங்கி' விழுந்ததும், அது தங்களுக்குத் தெரிந்த 'சிருங்க'மாகத்தான் இருக்க வேண்டும் என்று திருத்தினார்கள். இஞ்சிக்குக் கொம்பு முளைத்தது அப்போதுதான். கிழங்கைப் பார்த்தால் கிளை கிளையாகக் கொம்பு போலத்தான் இருக்கிறது. விளக்கம் பொருத்தமாக இருந்துவிட்டால் அதைச் சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்?

பிறகு கப்பலேறியது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடீஸ் 'ஸிங்கிபெரிஸ்' என்று எழுதுகிறார். வேரின் வகரம் பகரமாகிவிட்டது. அதே நூற்றாண்டின் ரோமானியர் பிளினி விலையே எழுதி வைத்திருக்கிறார்: ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியஸ், ஒரு ராத்தல் இஞ்சி 6 தெனாரியஸ். சிலர் நினைப்பது போல இது மிளகு மரத்தின் வேர் அல்ல என்று வாசகரை எச்சரித்தும் இருக்கிறார். அந்த எச்சரிக்கை சரி. ஆனால் இஞ்சி அரேபியாவில் விளைகிறது என்று அடுத்த மூச்சில் சொல்லிவிட்டார். சரக்கு கைமாறிய இடத்தை விளைந்த இடமாக எடுத்துக்கொண்டார் போலும். தமிழய்யாவின் தோட்டக் கேள்வியை அன்றே யாராவது அவரிடம் கேட்டிருக்கலாம்.

பிற்கால லத்தீனில் 'ஜிஞ்ஜிபெர்'. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே 'ஜிஞ்ஜிஃபர்' என்று ஒரு வடிவம் உண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு 'ஜிஞ்ஜிவ்ர்' வந்து அதைத் தாங்கிப் பிடித்தது. நடுவில் நின்ற வகரம் பின்னர் தேய்ந்து விழ, 'ஜிஞ்சர்' மிஞ்சியது. சொல்லின் வாலில் இன்றும் ஒட்டியிருக்கும் அந்த 'அர்' இருக்கிறதே, அதுதான் நம் வேர்.

இந்த ஒரே சொல்லுக்காக ஒரு முழுப் புத்தகம் எழுதியவரும் உண்டு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் ராஸ், 1952-இல் இஞ்சி என்ற கடன்சொல்லைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு கட்டுரை எழுதினார்: மேட்டுக்குடி ஆங்கிலேயர் 'நாப்கின்' என்பார்கள், மற்றவர்கள் 'செர்வியெட்' என்பார்கள் என்ற தினுசில். உலகம் அவரை நினைவு வைத்திருப்பது இரண்டாவதற்காக.

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். நூலகர் காலமாகிவிட்டார். தமிழய்யாவும் காலமாகிவிட்டார், ஆனால் அவருடைய நோட்டுப் புத்தகம் சாகவில்லை. அதே பட்டியல், அதே வரிசையில், வாரத்துக்கு ஒருமுறை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. மேலே ஒரு வள்ளுவர் படம், கீழே 'தமிழனாய் இருந்தால் பகிரவும்'. கில், எய்ட், ஒன் மூன்றும் இன்றும் முன்வரிசையில். அன்று அவர் நோட்டில் இஞ்சி இடம்பெறவில்லை. இன்றைய பட்டியலிலும் இல்லை. காரணம் உண்டு. 'ஜிஞ்சர்', 'இஞ்சி' என்று அடுத்தடுத்துச் சொன்னால் யாரும் அவ்வளவு வேகமாகத் தலையாட்ட மாட்டார்கள்.

அன்று ஆராய்ச்சி செய்ய வசதியில்லை என்று ஒரு சமாதானம் இருந்தது. இன்று? பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியும், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. பால் பொங்குவதற்குள் 'எட்டு' என்று தட்டிப் பார்த்துவிடலாம். தட்டினேன்.

தமிழில் எட்டு. அதன் அடி 'எண்' என்பதை எண்பதும் எண்ணூறும் எண்மரும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. பின்னால் போகப் போக ணகரமும் னகரமும் தெளிவாகின்றன. இப்போது ஆங்கிலப் பக்கம் பாருங்கள். 'எய்ட்' என்று எழுதும்போது நடுவில் ஒலிக்காமல் இரண்டு எழுத்துகள் நிற்கின்றன அல்லவா? அவை ஒரு காலத்தில் ஒலித்தவை. பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்த', ஜெர்மனில் 'ஆஹ்ட்', லத்தீனில் 'ஒக்தோ'. பின்னால் போகப் போக ககரம் எழுந்து நிற்கிறது. இரண்டு சொற்களும் இன்றைக்குத்தான் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. முற்காலத்துக்குப் போனால் ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை. உறவென்றால் பின்னால் போகும்போது நெருங்க வேண்டும், இவை விலகுகின்றன. 'கில்' கதையும் இதே மாதிரிதான். ஆங்கிலத்தில் அதற்கு முதலில் 'அடி' என்றுதான் பொருள். கொலை பிறகு வந்தது.

இதைப் பொறுமையாக, பத்தி பிரித்துக் குழுவில் எழுதினேன். என் மைத்துனர் உடனே பதில் போட்டார்: "சூப்பர் அத்தான். அப்போ எட்டு நம்மளுதுதானே?"

செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றையும் கேட்டுப் பார்த்தேன். 'கில்' தமிழிலிருந்து வந்ததா? "அருமையான கேள்வி!" என்று பாராட்டிவிட்டு, வந்திருக்க வாய்ப்பு உண்டு என்று மூன்று பத்தி எழுதியது. வரவில்லை என்கிறார்களே என்றேன். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!" என்று மன்னிப்புக் கேட்டு, எதிர்த்திசையில் மூன்று பத்தி எழுதியது. எங்கள் நூலகரை நினைத்துக்கொண்டேன். அந்த மனிதர் வாழ்நாளில் யார் சொன்னதையும் ஒப்புக்கொண்டதில்லை. அதில் எவ்வளவு கல்விப் பயன் இருந்திருக்கிறது!

வீட்டிலும் விசாரணை நடக்கிறது. நல்லெண்ணெய் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பேத்தி, "தாத்தா, ஜிஞ்ஜெல்லி ஆயில்னு போட்டிருக்கே, இஞ்சியிலிருந்தா எடுக்கிறாங்க?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. விடை, இல்லை. அது அரபு மொழியில் எள்ளைக் குறிக்கும் 'ஜுல்ஜுலான்' என்ற சொல்லின் வழி வந்தது. போர்த்துகீசியரின் 'ஜெர்ஜெலிம்' அதற்கு உறவு. இஞ்சிக்கும் அதற்கும் சம்பந்தம் டின்னுக்கு வெளியே கிடையாது. பூனை நடை நடப்பதைச் சொல்லும் ஆங்கில 'ஜிஞ்சர்லி'யும் இஞ்சியின் உறவல்ல. நளினம் என்று பொருள்படும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுவது. 'ஜிஞ்சர்பிரெட்' மட்டும் இஞ்சி வம்சம்தான். ஆனால் அதிலுள்ள ரொட்டி பொய். 'ஜிஞ்ஜெம்பிராஸ்' என்று பிரெஞ்சில் இருந்ததன் வால் ஆங்கிலேயர் காதுக்குப் புரியவில்லை. அது 'பிரெட்'டாகத்தான் இருக்கும் என்று திருத்திக்கொண்டார்கள். அங்கே பண்டிதர் கொம்பு வைத்தார், இங்கே சமையல்காரர் ரொட்டி வைத்தார். எங்கள் தமிழய்யா தனியாள் அல்லர் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. புரியாத சொல்லைக் கண்டால் நம் வீட்டுச் சாமானாக மாற்றிக்கொள்வது எல்லா ஊர் வழக்கமும்தான்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் போன மாதம் கடை அலமாரியைப் படம் எடுத்து அனுப்பினான். இஞ்சிக் கூடையில் 'இங்வர்' என்று சீட்டு. "மாமா, இங்வர், இஞ்சிவேர்! அப்படியே இருக்கு!" குழுவில் கைதட்டல் மழை. இருக்கத்தான் இருக்கிறது. சங்கதி என்னவென்றால், அது தமிழிலிருந்து நேரே போகவில்லை. லத்தீன், பிரெஞ்சு வழியாகச் சுற்றிக்கொண்டு போய், முன்னாலிருந்த ஜகரத்தை ஜெர்மன் எல்லையில் தொலைத்தது. ரஷ்யரின் 'இம்பிர்' சொல்லுக்கும் இதே கதி. நாம் முதல் எழுத்தைத் தொலைத்தது வேறு காலம், அவர்கள் தொலைத்தது வேறு காலம். இருவரும் தனித்தனியே தொலைத்ததால் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள். உறவு மெய், ஒற்றுமை தற்செயல். இதை நான் குழுவில் எழுதவில்லை. கைதட்டலைக் கெடுப்பானேன்.

எழுதாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. இஞ்சிச் செடி காட்டில் தானாக முளைத்து எங்கும் கண்டதில்லை. மனிதன் நட்ட இடத்தில்தான் இருக்கிறது. அதை முதலில் நட்டுப் பயிராக்கியது தென்கிழக்கு ஆசியப் பகுதியில் என்பது பரவலான கருத்து. செடியோடு பெயரும் கிழக்கிலிருந்து நம்மிடம் வந்திருக்கலாம் என்று எண்ணும் அறிஞர்களும் இருக்கிறார்கள். சீனத்தில் இஞ்சி 'ஜியாங்', பர்மியத்தில் 'கியின்'. உடனே தலையாட்ட வேண்டாம். இதுவும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்கும் முறைதான். வழித்தடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆக, லத்தீனோடு நிற்கக் கூடாது, சமஸ்கிருதத்தோடு நிற்கக் கூடாது என்பது எவ்வளவு சரியோ, தமிழோடு நிற்கக் கூடாது என்பதும் அவ்வளவு சரி. இதைக் கேட்க அந்த இரண்டு பெரியவர்களும் இல்லை. இருந்தால் மீண்டும் ஒருமுறை ஒன்றுகூடி, இந்த முறை என்னைத் திட்டியிருப்பார்கள்.

தமிழுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. 'கட்டமரான்' நம் கட்டுமரம், 'செரூட்' நம் சுருட்டு, 'மல்லிகட்டானி' என்ற சூப் நம் மிளகுத்தண்ணீர், பொதுப்பணித் துறைக் கோப்புகளில் வாழ்ந்த 'அனிகட்' நம் அணைக்கட்டு. எந்தத் துறைமுகத்தில் ஏறின, யார் கையில் போயின என்றெல்லாம் எழுத்துச் சான்றோடு நிற்கும் சொற்கள் இவை. மெய்யான சொத்து இத்தனை இருக்கும்போது, பக்கத்து வீட்டு வேலியைத் தள்ளிப் போடுவானேன்?

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் பட்டியல் உங்கள் கைபேசிக்கு வரும்போது, அனுப்பியவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். இந்தச் சொல்லின் பழைய வடிவம் என்ன? முதலில் எங்கே எழுதப்பட்டது? எந்த வழியாகப் போனது? பதில் வந்தால் தாராளமாகப் பகிருங்கள். வராவிட்டால் சிகாகோ தளத்து அகராதியை நீங்களே திறந்து பாருங்கள். காசு இல்லை, அடகு இல்லை, கண்ணாடியும் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்க இரண்டு விரல் போதும்.